கொடியை மோந்து பார்க்கும் எட்மண்ட்

இரண்டு கையிலும் கொடியை ஏந்தி, மூக்குக்கு நேரே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு ஒரு இழுப்பு இழுப்பார் எட்மண்ட். அந்துருண்டை நெடி ஏறியதும் தலையை ஆட்டுவார். "நம்மளுதுதான் சார்" என்பார். அதற்குப் பிறகுதான் நான் ரிஜிஸ்தரைத் திறந்து, 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். குடியரசு தினத்துக்கு ஒரு முறை, சுதந்திர தினத்துக்கு ஒரு முறை. ஆறு வருஷமாக இந்த உத்தியோகத்தையும் சேர்த்துத்தான் பார்த்துவருகிறேன்.

தாம்பரத்தில் ஒரு சர்க்கார் ஆபீஸ் என்று சொன்னால் போதும். பெயர் வேண்டாம்; நான் இன்னும் அங்கேதான் டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன். எட்மண்ட் அங்கே பியூன். ரயில்வே லைனுக்கு அந்தப்பக்கம், கேம்ப் ரோடு தாண்டி ஒரு சின்ன மாதா கோவில் இருக்கிறது. காலையிலும் மாலையிலும் அவர் அங்கே கோவில் பிள்ளை. மணி அடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, பூசைக்கு வேண்டியதை எடுத்து வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. இரண்டு இடத்துக்கும் நடுவில் ரயில்வே கேட். தன் ஆயுசில் பாதி அந்தக் கேட்டில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றே போயிற்று என்பார்.

ஐம்பத்தாறு வயது ஆள். குட்டை, ஆனால் நிமிர்ந்த உடம்பு. காக்கிச் சட்டையின் மேல் குறுக்கே சிவப்புப் பட்டை, அதில் பித்தளை வில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் புளி போட்டுத் தேய்ப்பார். சட்டைக்கு உள்ளே, மாதா படம் தைத்த இரண்டு சின்னத் துணித்துண்டுகள் ஒரு கயிற்றில் தொங்கும், உத்தரியம் என்பார்கள். அது வேர்வையில் ஊறி நிறம் போய்விட்டது. ஆபீசர் மணி அடித்தால், "சேசு மரி சூசை" என்று முணுமுணுத்துவிட்டுத்தான் உள்ளே போவார். திட்டு வாங்காமல் வெளியே வந்தால் இன்னொரு தடவை அதையே சொல்வார்.

உலக யுத்தத்தில் பட்டாளத்தோடு பர்மா எல்லைவரை போனவர். வீரக்கதை எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். சமையல் கூடாரத்துக்கு விறகு பிளந்ததாகத்தான் சொல்வார். ஆனால் கொடி கட்டும் வித்தையை அங்கேதான் கற்றார். கொடியைச் சுருட்டி, உள்ளே பூ இதழைப் பொதிந்து, உச்சிக்கு ஏற்றிவிட்டு, கீழிருந்து ஒரு சுண்டு சுண்டினால் பூ கொட்டி விரிய வேண்டும். "அப்போ வெள்ளக்காரன் கொடி சார். முடிச்சு அதே முடிச்சுதான்" என்றார் ஒரு நாள். சுதந்திரம் வந்தபோது அவர் கையைப் பொறுத்தவரை பெரிய மாறுதல் இல்லை போலிருக்கிறது.

எங்கள் ஹெட் கிளார்க் ஏகநாதன் பொல்லாத மனிதரில்லை. வாய்தான் சும்மா இராது. நாளைக்கு ரோமாபுரிக்கும் நமக்கும் சண்டை வந்தால் எட்மண்ட் எந்தப் பக்கம் நிற்பான் என்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கேட்பார். பாப்பரசரிடம் பட்டாளமே இல்லை, கலர் கலராகச் சட்டை போட்ட கொஞ்சம் பேர் ஈட்டியை வைத்துக்கொண்டு நிற்பதோடு சரி, அவர்களால் நம் ரயில்வே கேட்டைக்கூடத் தாண்ட முடியாது என்று எட்மண்ட் பதில் சொல்வார். எல்லோரும் சிரிப்போம். அவரும் சிரிப்பார். ஆனால் அந்தக் கேள்வி கேட்ட நாட்களில் அவர் டீ குடிக்க எங்களோடு வருவதில்லை என்பதை நான் மெதுவாகத்தான் கவனித்தேன்.

கோவிலில் அவருக்கு நேர்மாறான பெயர். அங்கே அவர் 'சர்க்கார் ஆள்'. பூசை முடிந்ததும் எல்லோரும் கிளம்பிய பிறகு, நாட்டை ஆளுகிறவர்களுக்காக என்று தனியாக முழந்தாளிட்டு ஒரு பரலோக மந்திரம் சொல்வாராம். "மந்திரிக்கு வேண்டிக்கினா பிரமோஷன் வருமா?" என்று பாட்டுக் குழுவில் யாரோ கேட்டதாக அவர் மனைவி ஞானஜோதி சொன்னாள். இதை எங்கள் ஆபீசரிடமே போய், உங்களுக்கும் சேர்த்துத்தான் ஜெபிக்கிறேன் என்று எட்மண்ட் ஒரு நாள் சொல்லிவிட்டார். ஆபீசருக்கு நன்றி சொல்வதா, சந்தேகப்படுவதா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் பதினைந்துதான் எட்மண்டின் வருஷத்தில் பெரிய நாள். நமக்குச் சுதந்திர தினம். அவர்களுக்கு மாதா உடலோடும் ஆத்துமத்தோடும் மோட்சத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட திருநாள். பூசை காணாமல் இருந்தால் பாவம் என்கிற கடன் திருநாள் வேறு. அந்தச் சின்னக் கோவிலில் பத்து நாள் கொடியேற்றமெல்லாம் கிடையாது, ஒரே நாள் விழா. காலை ஆறு மணிக்கு மாதா கொடி, உடனே பூசை, சாயங்காலம் சப்பரம். எட்டு மணிக்கு எங்கள் ஆபீஸ் கொடி. இரண்டு கம்பத்திலும் எட்மண்ட்தான் முதல் நாள் சாயங்காலமே கொடியைச் சுருட்டி ஏற்றி வைத்துவிடுவார்.

அப்போதெல்லாம் இரண்டு கொடியும் அவர் வீட்டுத் தகரப் பெட்டியில்தான் இருக்கும். ஆபீஸ் பீரோவில் எலி. ஞானஜோதி இரண்டையும் ஒன்றாகத் துவைத்து, நீலம் போட்டு, கஞ்சி போட்டு மடித்து வைப்பாள். இரண்டும் ஆறடிக்கு நாலடி. மாதா கொடி பாதி நீலம், பாதி வெள்ளை. எட்மண்டின் வழக்கப்படி சுருட்டினால் இரண்டிலும் வெளியே தெரிவது வெள்ளைதான். பதினெட்டு வருஷம் இதில் ஒரு தப்பும் நடந்ததில்லை.

தப்பு நடந்தது அறுபத்தைந்தில். தப்பு நடக்கக் கூடாத வருஷம் என்று ஒன்று இருந்தால் அது அதுதான். ஜனவரியில் இந்தியை எதிர்த்து ஊரில் கறுப்புக் கொடிகள் பறந்திருந்தன. எந்தக் கம்பத்தில் எது ஏறுகிறது என்று மேலிடம் காகிதத்துக்கு மேல் காகிதம் போட்டுக் கேட்டது. ஆகஸ்டில் காஷ்மீரில் சண்டை மூளும்போலிருந்தது. கோவிலிலும் குழப்பம்தான். பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறிய வருஷம். "இந்தி வர்றதுக்கு ஊரே அழுவுது சார், லத்தீன் போறதுக்கு நான் ஒருத்தன்தான் அழுவுறேன்" என்று எட்மண்ட் சொன்னதும் அப்போதுதான்.

ஆகஸ்ட் பதினைந்து காலை ஆறு மணி. ஞாயிற்றுக்கிழமை ஆனதால் கோவில் வாசலில் நல்ல கூட்டம். கோவில் பாதிரி தேவானந்தம் சாமியார் ஜெபம் சொல்லிவிட்டுக் கயிற்றைச் சுண்டினார். பூ கொட்டியது. காவி, வெள்ளை, பச்சை என்று விரிந்தது கொடி. மாதா பாட்டுக்கு வாயைத் திறந்த பெண்கள் அப்படியே நின்றார்கள். முன்வரிசையில் இருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அந்தக் கொடியைக் கண்டால் என்ன பாட வேண்டும் என்று பழக்கம். தேசிய கீதத்தைத் தொடங்கிவிட்டார்கள். கூட்டமும் சேர்ந்துகொண்டது. எட்மண்ட் விறைத்து நின்று சல்யூட் அடித்தார். அடித்த கை கீழே வருவதற்குள், ஆபீஸ் கம்பத்தின் உச்சியில் சுருண்டு கிடப்பது மாதா என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

சாமியார் நல்லவர், காரியவாதியும்கூட. கிட்டே வந்து, அதை இறக்கி எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடு, அங்கே இருப்பதை இங்கே கொண்டுவா, பூசையைக் கால் மணி தள்ளி வைக்கிறேன் என்றார். யாரைக் கேட்டாலும் இதுதான் வழி என்பார்கள். எட்மண்ட் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

"ஏத்திப் பாட்டும் பாடியாச்சு சாமி. பொழுது சாயறதுக்குள்ள எறக்கினா தோத்துட்டோம்னு அர்த்தம்."

"அப்ப மாதாவுக்கு?"

"அவங்க தாய், சாமி. சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்குவாங்க."

ஆபீசுக்கு என்ன செய்வாய் என்று சாமியார் கேட்டார். சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒரு சாமியாரின் சொல்லைத் தட்டியது அவர் ஆயுசில் அதுதான் முதல் தடவை. கடன் பூசையை விட்டதும் அன்றைக்குத்தான்.

கேட் மூடியிருந்தது. அது திறந்ததும் ஆபீசுக்கு வந்து, ஆள் வருவதற்குள் மாதா கொடியை இறக்கிப் பைக்குள் வைத்தார். அப்புறம் கொடி தேட ஆரம்பித்தார். கதர்க்கடை பூட்டு. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்ததே ஒரு கொடி, அது ஏற்கெனவே ஏறிவிட்டது. எட்டு மணிக்கு ஆபீசர் சலவைக் கதரில் வந்து நின்றார். நாங்கள் வரிசையில் நின்றோம். கம்பம் மொட்டையாக நின்றது. எட்டே கால் ஆயிற்று. எட்டு இருபத்தைந்துக்கு எட்மண்ட் வேர்த்து விறுவிறுத்து வந்து, ஒரு சைக்கிள் கடையில் கிடைத்த கைக்குட்டை அளவுக் கொடியை ஏற்றினார். அது கம்பத்தின் உச்சியில் இருக்கிறதா இல்லையா என்று அண்ணாந்து தேடவேண்டியிருந்தது. ஆபீசர் மிட்டாய் எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டார்.

அன்று மாலை கோவிலில் சப்பரம் ஜோடித்துத் தயாராக நின்றது. சூரியன் மறைகிறவரை எட்மண்ட் கம்பத்தை விட்டு நகரவில்லை. மறைந்த பிறகு கொடியை இறக்கி மடித்தார். மாதா கொடியை ஏற்றினார். சப்பரம் முக்கால் மணி தாமதமாகக் கிளம்பியது. அந்த வருஷம் மழை பொய்த்தால் அதற்கு யார் காரணம் என்று பெண்களுக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. கோவிலில், இனிமேல் கொடியை வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஆபீசில் மெமோ. கோவிலுக்குக் கொடியைக் கொடுத்துவிட்டுச் சர்க்காருக்கு இல்லை என்றது ஏன், உம்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று அதை டைப் அடித்தவன் நான்தான். வேலையே போகலாம் என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு.

அப்போது ஏகநாதன் ஒரு யோசனை சொன்னார். பரிகாசத்துக்கு அல்ல, நிஜமாகவே அவரைக் காப்பாற்றத்தான். தேசபக்தி மேலிட்டதால் மாதா கோவிலிலும் தேசியக் கொடியையே ஏற்றினேன் என்று எழுதிக் கொடு. இந்த நேரத்தில் உன்னை எவனும் தொட மாட்டான், பேப்பரில் போட்டோகூட வரும் என்றார். நானும் டைப்ரைட்டரில் காகிதத்தைச் செருகிவிட்டேன். எட்மண்ட் கை நீட்டி அந்தக் காகிதத்தை உருவி எடுத்தார்.

"பொய் சார் அது. மாத்திக் கட்டிட்டேன், அவ்ளோதான். மாதா கொடிய நானே வேணும்னு தள்ளி வெச்சேன்னு எழுதினா அவங்களுக்குத் துரோகம். செய்யாதத செஞ்சேன்னு சர்க்காருக்கு எழுதினா இவங்களுக்குத் துரோகம்."

'மாற்றிக் கட்டிவிட்டேன். தவறு என்னுடையது' என்று இரண்டே வரி. அதைத்தான் டைப் அடித்தேன்.

ஆபீசர் கூப்பிட்டு விசாரித்தார். நான் பக்கத்தில் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "உனக்குக் கோவில் பெரிசா, சர்க்கார் பெரிசா? அதைச் சொல்லு" என்றார்.

எட்மண்ட் பட்டையை இழுத்து நேராக்கிக்கொண்டார். "கட்டும்போது எது கையில கீதோ அதான் சார் பெருசு. அன்னிக்கு ரெண்டும் ஒண்ணா நெனப்புல இருந்துச்சு. அதான் தப்பாயிடுச்சு."

இதைக் குறிப்பில் எழுதுவதா வேண்டாமா என்று நான் ஆபீசரைப் பார்த்தேன். வேண்டாம் என்று கை காட்டினார். வேலை தப்பியது. ஆனால் உத்தரவு ஒன்று வந்தது. கொடி இனி ஆபீஸ் பீரோவில், டைப்பிஸ்டின் சாவியில் இருக்கும். எக்காரணம் கொண்டும் வெளியே போகாது. கட்டும் வேலை வாட்ச்மேன் குப்புராஜுக்கு. எட்மண்ட் பெட்டியிலிருந்து கொடியை எடுத்துவந்து என் மேஜைமேல் வைத்தார். வேலை போயிருந்தால்கூட அவ்வளவு வாடியிருக்க மாட்டார். அடுத்த குடியரசு தினத்துக்கு உடம்பு சரியில்லை என்று லீவு போட்டார்.

அறுபத்தாறு ஆகஸ்டுக்கு வந்து, கடைசி வரிசையில் நின்றார். குப்புராஜ் நல்ல உழைப்பாளி. ஆனால் அவருக்குத் தெரிந்தது மாடு கட்டும் முடிச்சு. ஆபீசர் கயிற்றைச் சுண்டினார். இழுத்தார். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். உச்சியில் மூட்டை ஆடியதே தவிர அவிழவில்லை. வரிசை முழுதும் பின்னால் திரும்பி எட்மண்டைப் பார்த்தது. அவர் அசையவில்லை. ஆர்டர் இல்லையே என்று பிறகு என்னிடம் சொன்னார். ஆபீசர் கயிற்றை விடாமலே, "எட்மண்ட், வாப்பா" என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். மூட்டையை இறக்கி, பல்லால் முடிச்சைப் பிரித்து, மறுபடி சுருட்டி, ஏற்றி, கயிற்றை ஆபீசர் கையில் கொடுத்தார். ஒரே சுண்டு. பூ ஆபீசர் தலையிலேயே கொட்டியது. கட்டும் வேலை அன்றைக்கே எட்மண்டிடம் திரும்பியது. ஆனால் பீரோவும் சாவியும் அப்படியே இருந்தன. கூடவே, கட்டுமுன் கொடியைச் சரிபார்த்து டைப்பிஸ்ட் கையெழுத்திட வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் சேர்ந்தது. மோந்து பார்க்கும் வழக்கம் அப்போது வந்ததுதான். ஆபீஸ் கொடியில் அந்துருண்டை, மாதா கொடியில் சாம்பிராணி, மூக்கு ஏமாறாது என்று அவர் சொன்னார். நானும் நம்பினேன்.

கோவிலும் அவரை நெடுநாள் ஒதுக்கி வைக்கவில்லை. மறு வருஷம் தேவானந்தம் சாமியாரே இரண்டாவது கம்பம் ஒன்று நட்டார், தேசியக் கொடிக்கென்று. எந்தக் கம்பம் உயரம் என்பதில் சபையில் பெரிய தகராறு. எட்மண்டைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். மாதா கம்பம் ஒரு ஜாண் குறைவாக இருக்கட்டும் என்றார். சிலருக்குக் கோபம். "அவங்கதான் ஒடம்போட மேல போயிட்டாங்களே. இன்னும் இன்னா ஒசரம் வேணும் அவங்களுக்கு?" என்று கேட்டாராம். சாமியார் சிரித்து, ஒரு ஜாணைத் தாமே அளந்து வெட்டச் சொன்னார்.

இந்த வருஷம் சுதந்திரத்துக்கு வெள்ளி விழா. பெரிய அதிகாரிகள் வருகிறார்கள் என்று ஆபீசுக்கு வெள்ளையடித்தார்கள். பழசைக் கழித்துப் புதுக் கொடி சாங்ஷன் ஆயிற்று. ஆகஸ்ட் பதினாலாம் தேதி நாலு மணிக்குக் கதர்க்கடைக் காகிதத்தைப் பிரித்து எட்மண்ட் கையில் கொடுத்தேன். வழக்கம்போல மோந்து பார்த்தார். தலையை ஆட்டவில்லை. இன்னொரு தரம் மோந்தார்.

"கஞ்சி வாசனதான் சார் கீது."

புதுசு அப்படித்தான் இருக்கும் என்றேன். அவர் கொடியைக் கீழே வைக்கவில்லை. பிறகு, ஏழு வருஷமாகக் கேட்காத ஒன்றைக் கேட்டார். ஒரு ராத்திரி வீட்டுக்கு எடுத்துப்போகிறேன், பெட்டியில் வைத்தால் வாசனை ஏறிவிடும், காலையில் ஏழு மணிக்குக் கொண்டுவந்துவிடுகிறேன் என்றார்.

பெட்டியில் வேறு என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"மாதா கொடி சார். நாளைக்குத் திருநாளாச்சே. தொவச்சி வெச்சிருக்கு."

மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. அதே பெட்டி, அதே மாதிரி இரண்டு கொடி, அதே பதினாலாம் தேதி. வெளியே போகக் கூடாது என்ற உத்தரவு நானே டைப் அடித்தது. போனால் என் கையெழுத்தும் சேர்ந்துதான் போகும். இரண்டுக்கும் ஒரே வாசனை ஆகிவிட்டால் அப்புறம் எதை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன்.

"வாசனைய வெச்சா சார் கண்டுபுடிக்கிறேன்? கதர் எது பாப்ளின் எதுன்னு என் கைக்குத் தெரியாதா?"

"பின்னே ஏன் ஆறு வருஷமா மோந்து பாக்கறீங்க?"

"பேரப்புள்ளய எதுக்கு சார் மோந்து பாக்கறோம்? யாரு புள்ளன்னு தெரியாமயா?"

ரிஜிஸ்தரைத் திறந்தேன். 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். காலி பீரோவைப் பூட்டினேன். ஏழு மணி என்று மட்டும் சொன்னேன்.

எட்மண்ட் கொடியை நாலாக மடித்தார். மழைத் தூறல் போட்டது. சைக்கிள் கேரியரைப் பார்த்தார், வேண்டாம் என்று முடிவு செய்தார். சட்டையின் மேல் பித்தான்கள் இரண்டைக் கழற்றி, கொடியை உள்ளே செருகி, உத்தரியத்துக்கு மேலாக, வில்லைக்குக் கீழாக அது படிந்து உட்காரும்படி தட்டிவிட்டு, கழுத்துவரை பித்தான் போட்டார். பிறகு ஒரு கையால் ஹாண்டில்பாரையும் ஒரு கையால் நெஞ்சையும் பிடித்துக்கொண்டு, மூடிக்கொண்டிருந்த கேட்டை நோக்கி வேகமாக மிதித்தார்.